லைப்ரரி அவர்களுடையது, நடத்தை நம்முடையது: நடத்தைச் சோதனை எழுதத் தொடங்குவோருக்கு

கல்யாண மண்டபம் ஒன்றுக்கு முன்பதிவுத் தளம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் காலண்டரில் நாளைத் தேர்ந்தெடுக்கிறார், முன்பணம் கட்டுகிறார், தமிழில் ரசீது இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே நம் தளம்தான். உள்ளே போனால் காலண்டர் ஃபிளாட்பிக்கர், பணம் வாங்குவது ரேசர்பே, நாள் கணக்குப் போடுவது டே.ஜேஎஸ், ரசீது அச்சிடுவது இன்னொரு பிடிஎஃப் லைப்ரரி. இவையெல்லாம் பிறர் எழுதிவைத்த லைப்ரரிகள், சேவைகள். நாம் எழுதியது இவற்றைக் கோர்த்துக் கட்டும் நிரல் மட்டும்.

இப்படிப்பட்ட தளத்துக்கு நடத்தைச் சோதனை, அதாவது பயனர் பார்வையில் தளம் எதிர்பார்த்தபடி நடக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் சறுக்குகிறார்கள். சிலர் லைப்ரரியையே சோதித்துக்கொண்டிருப்பார்கள்: மாதம் மாற்றும் அம்புக்குறி நகர்கிறதா, லீப் ஆண்டில் பிப்ரவரி 29 தெரிகிறதா என்று. அதெல்லாம் லைப்ரரியை எழுதியவர்களின் வேலை. வேறு சிலர் லைப்ரரி தொட்ட இடத்தையெல்லாம் போலியாக்கிவிடுவார்கள், அதாவது உண்மையான லைப்ரரிக்குப் பதில் அதைப் போல நடிக்கும் நிரலை வைத்துவிடுவார்கள். டெஸ்ட் எல்லாம் பச்சையாக (வெற்றி என்று) ஓடும், உண்மையான பிரவுசரில் தேதியே பதிவாகாது. இரண்டுக்கும் நடுவே எப்படி நடப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

உதாரணங்களுக்கு, சாதாரண வாக்கியங்களில் எழுதிய காட்சிகளை ஓட்டும் குக்கம்பரையும் பிரவுசரை இயக்கும் பிளேரைட்டையும் எடுத்துக்கொள்கிறேன். பைத்தானில் பிஹேவ், பிஎச்பியில் பிஹாட் வைத்திருப்பவர்களுக்கும் வழி இதுதான்.

1. முதலில் லைப்ரரிகளை வகை பிரியுங்கள்

எல்லா லைப்ரரிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. ஃபீச்சரைத் தொடும் லைப்ரரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது என் கணினிக்கு வெளியே போகிறதா?

டே.ஜேஎஸ் போகாது. ஒரு தேதியைக் கொடுத்தால் இன்னொரு தேதியைத் தரும், அவ்வளவுதான். அதைப் போலியாக்க வேண்டிய அவசியமே இல்லை, உண்மையானதை ஓடவிடுங்கள். ஃபிளாட்பிக்கரும் வெளியே போகாது, ஆனால் பிரவுசருக்குள் பக்கத்தின் அமைப்பையே மாற்றும். அதையும் உண்மையாகவே ஓட்ட வேண்டும், ஆனால் தொடும் விதத்தில் கவனம் வேண்டும். பேமென்ட் கேட்வே, அதாவது பணம் வாங்கும் ரேசர்பே, வேறொருவரின் சர்வரில் ஓடுகிறது. நெட் வேண்டும், பணம் நகரும், அவர்கள் பக்கத்தின் வடிவம் சொல்லாமல் மாறும். நடத்தைச் சோதனையில் போலி வைக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். பிடிஎஃப் கொஞ்சம் தொல்லை பிடித்தது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2. லைப்ரரியின் வாடை இல்லாமல் காட்சியை எழுதுங்கள்

குக்கம்பர் காட்சிகளை எழுதும் கெர்கின் நடையில் தமிழுக்கு ஆதரவு இருக்கிறது. ஃபீச்சர் கோப்பின் முதல் வரியில் மொழிக் குறிப்பாகத் தமிழின் இரண்டெழுத்துக் குறியைப் போட்டால் அம்சம், பின்னணி, காட்சி, எடுத்துக்காட்டுகள் என்ற சொற்களைக் கருவி புரிந்துகொள்ளும். கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது என்ற ஸ்டெப் சொற்களும் உண்டு (ஸ்டெப் என்பது காட்சியின் ஒரு வரி). ஆனால் வாக்கியத்தின் தலையில் அவற்றை வைத்துத் தமிழில் எழுதினால் வாய்க்கு வராது. எந்த ஸ்டெப்புக்கும் அவற்றுக்குப் பதில் நட்சத்திரக் குறி போடலாம் என்று கெர்கின் அனுமதிக்கிறது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

மோசமான காட்சி இப்படி இருக்கும்:

காட்சி: தேதி தேர்வு
* ஃபிளாட்பிக்கர் பெட்டியைச் சொடுக்குகிறேன்
* அடுத்த மாத அம்புக்குறியைச் சொடுக்குகிறேன்
* 16 என்ற கட்டத்தைச் சொடுக்குகிறேன்
* ரேசர்பே ஐஃபிரேமுக்குள் போகிறேன்

மண்டப மேலாளர் இதைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. நாளைக்குக் காலண்டரை மாற்றினால் எல்லாக் காட்சிகளையும் திருத்த வேண்டியிருக்கும். அதையே இப்படி எழுதுங்கள்:

அம்சம்: மண்டபம் முன்பதிவு

பின்னணி:
* இன்று 2026 ஜனவரி 10
* 2026 பிப்ரவரி 15 ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது

காட்சி: காலியான நாளைப் பதிவு செய்தல்
* வாடிக்கையாளர் 2026 பிப்ரவரி 16 தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்
* முன்பணம் 25000 ரூபாய் கட்டுகிறார்
* அந்த நாள் அவர் பெயரில் பதிவாகிறது

காட்சி: பதிவான நாள் கிடைக்காது
* வாடிக்கையாளர் பிப்ரவரி மாதக் காலண்டரைப் பார்க்கிறார்
* 2026 பிப்ரவரி 15 தேதியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி: நாளை இந்த லைப்ரரியைத் தூக்கிவிட்டு வேறொன்று வைத்தால், இந்த வரிகளில் ஏதாவது மாறுமா? மாறும் என்றால் அந்த வரி இங்கே இருக்கக் கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஸ்டெப்பில் எண் வரும் இடத்தைக் குறிக்கும் குக்கம்பரின் முழு எண் அடையாளம் இலக்கங்களை மட்டும்தான் பிடிக்கும். 25,000 என்று காற்புள்ளி போட்டால் ஸ்டெப் பொருந்தாது, அதனால்தான் மேலே 25000. இரண்டாவது, ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கருவிக்கு வேறுவேறு. ‘ஸ்டெப் வரையறுக்கப்படவில்லை’ என்று பிழை வந்து, எத்தனை முறை பார்த்தாலும் எழுத்து சரியாகவே தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஃபீச்சர் கோப்பு, ஸ்டெப் நிரல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேமிக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றிவிட்டால் தீர்ந்தது.

3. லைப்ரரி பற்றிய அறிவை ஒரே கோப்பில் பூட்டுங்கள்

‘தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்’ என்ற வரிக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்பது யாராவது ஒருவருக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும். அந்த வரியை இயக்கும் ஸ்டெப் நிரலுக்குக்கூட அது தெரிய வேண்டாம். ‘காலண்டர் உதவி’ என்று தனிக் கோப்பு வைத்து, அதில் இரண்டு செயல்கள் மட்டும் எழுதுங்கள்: ஒரு தேதியைத் தேர்வது, ஒரு தேதி கிடைக்குமா என்று பார்ப்பது. ஸ்டெப்கள் அவற்றை மட்டும் அழைக்கட்டும்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கும்? ஃபிளாட்பிக்கரின் குணங்கள் இருக்கும். வழக்கமான அமைப்பில் அது உள்ளீட்டுப் பெட்டியைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். பிளேரைட்டின் நிரப்பும் கட்டளை, பெட்டி எழுதக்கூடியதாக மாறும் என்று காத்திருந்து காத்திருந்து கடைசியில் நேரம் முடிந்து விழும். உடனே பலரும் ஸ்கிரிப்ட் வழியாகப் பெட்டியின் மதிப்பை நேரடியாக எழுதிவிடுவார்கள். செய்யாதீர்கள். பெட்டியில் தேதி தெரியும், ஆனால் ஃபிளாட்பிக்கருக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. தேதி மாறியதும் ஓட வேண்டிய நம் நிரல் ஓடாது. அதன் சொந்தத் தேதி வைக்கும் செயலை அழைத்தாலும், மாற்ற நிகழ்வைக் கிளப்பு என்று இரண்டாவது மதிப்பில் தனியாகச் சொல்லாவிட்டால் அது கிளப்பாது.

வாடிக்கையாளர் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள். பெட்டியைச் சொடுக்கி, மாதத்துக்குப் போய், நாளைச் சொடுக்கவும். நாள் கட்டத்தை ஸ்டைல் வகுப்பின் பெயரால் தேடாமல் ஏரியா லேபிளால் (திரைவாசிப்பான்களுக்காக வைக்கும் பெயரால்) தேடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் முழுத் தேதியோடு அந்த லேபிள் இருக்கிறது. ‘16’ என்று எழுத்தால் தேடினால் பக்கத்தில் வேறெங்காவது இருக்கும் 16-ம் வந்து மாட்டும். இன்னொன்று: காலண்டர் கட்டம் படிவத்துக்குள் இருக்காது, பக்கத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். படிவத்துக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. செலக்ட்2 கீழிறங்கு பட்டியலும் இப்படித்தான். அசல் பட்டியலை ஒளித்துவிட்டுத் தன்னுடையதைப் பக்கத்தின் கடைசியில் வைக்கும்.

ஃபிளாட்பிக்கரில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு குணம் உண்டு. மொபைல் பிரவுசரில் அது ஒதுங்கிக்கொண்டு, போனின் சொந்தத் தேதிப் பெட்டியைக் காட்டிவிடும். ஆனால் தடுக்கப்பட்ட நாட்கள் என்று ஏதாவது கொடுத்திருந்தால் ஒதுங்காது. என்ன ஆகும் பாருங்கள்: டெஸ்ட் தரவுத்தளத்தில் பதிவான நாளே இல்லாமல் மொபைல் டெஸ்ட் ஓடினால் போனின் பெட்டி வரும், ஒரே ஒரு பதிவு சேர்ந்தாலும் ஃபிளாட்பிக்கர் வரும். ஒரே காட்சி இரண்டு வெவ்வேறு திரைகளில் ஓடும். பின்னணியில் பிப்ரவரி 15-ஐப் பதிவானதாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மொபைலில் எந்தத் திரை வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, லைப்ரரியின் அமைப்பில் வெளிப்படையாக எழுதிவிடுவது இன்னும் நல்லது.

4. கடிகாரத்தை நிறுத்துங்கள்

‘இன்று 2026 ஜனவரி 10’ என்ற வரி அலங்காரம் அல்ல. அது இல்லாவிட்டால் காட்சி எழுதிய மாதத்தில் ஓடும், பிப்ரவரி கடந்ததும் விழும்.

பிளேரைட்டில் 1.45 வெர்ஷனிலிருந்து பிரவுசரின் கடிகாரத்தை நிறுத்த வசதி உண்டு, சைப்ரஸ் என்ற இன்னொரு பிரவுசர் சோதனைக் கருவியிலும் உண்டு. மறக்கக் கூடாதது: அது பிரவுசரை மட்டும்தான் நிறுத்தும். சர்வர் தன் பாட்டுக்கு இன்றைய தேதியில் ஓடிக்கொண்டிருக்கும். சர்வர் நிரலில் ‘இப்போது என்ன நேரம்’ என்ற கேள்விக்கு ஒரே இடத்திலிருந்து பதில் வருமாறு அமைத்து, டெஸ்டின்போது அந்த இடத்தில் நிறுத்திய நேரத்தைக் கொடுங்கள்.

நேர மண்டலம் அடுத்தது. டெஸ்ட் ஓடும் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதாவது நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை, நமக்குப் புது நாள் பிறந்துவிட்டது, சர்வருக்கு இன்னும் நேற்றுதான். நிகழ்ச்சிக்கு 30 நாள் முன்பு வரை ரத்து செய்தால் முழு முன்பணமும் திரும்பும், அதற்குப் பிறகு பாதிதான் என்பது மண்டபத்தின் விதி என்றால் இப்படி எழுதலாம் (கீழே உள்ள அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் காட்சி ஒருமுறை ஓடும்):

காட்சி வார்ப்புரு: ரத்து செய்தால் திரும்பும் பணம்
* 2026 பிப்ரவரி 16 தேதிக்கு 25000 ரூபாய் கட்டப்பட்டிருக்கிறது
* இந்திய நேரம் <நேரம்> மணிக்கு வாடிக்கையாளர் ரத்து செய்கிறார்
* <தொகை> ரூபாய் திரும்புகிறது

எடுத்துக்காட்டுகள்:
| நேரம் | தொகை |
| 2026-01-17 23:50 | 25000 |
| 2026-01-18 02:00 | 12500 |

இரண்டாவது வரியைப் பாருங்கள். ஜனவரி 18 அதிகாலை 2 மணி, யூடிசியில் ஜனவரி 17 இரவு 8.30. சர்வர் யூடிசியில் கணக்குப் போட்டால் முழுப் பணமும் வாடிக்கையாளருக்குத் திரும்பிவிடும். டே.ஜேஎஸ்ஸில் நேர மண்டலம் வேண்டுமென்றால் அதற்கான பிளகினைச் சேர்க்க வேண்டும், யாராவது அதை விட்டுவிட்டால் இந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கும். லைப்ரரியை நாம் சோதிக்கவில்லை, அதை நாம் பயன்படுத்திய விதத்தைச் சோதிக்கிறோம்.

5. தூங்க வேண்டாம், காத்திருங்கள்

காலண்டர் திறக்க அரை நொடி எடுக்கிறது என்பதற்காக ‘மூன்று நொடி நில்’ என்று எழுதாதீர்கள். வேகமான கணினியில் நேரம் வீண், மெதுவான சர்வரில் அதுவும் போதாது. எதிர்பார்க்கும் விளைவைச் சொல்லி அதற்காகக் காத்திருங்கள். பிளேரைட்டின் எதிர்பார்ப்புகள் இயல்பாக 5 நொடி, சைப்ரஸ் 4 நொடி, அதே வகைக் கருவியான காபிபாரா 2 நொடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். அனிமேஷன் தொல்லை கொடுத்தால் டெஸ்டில் அதை அணைத்துவிடலாம்.

6. பணம்: நடுவில் நம்முடைய ஒரு கதவு

உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றை நேரடியாகப் போலி செய்யாதீர்கள் என்பது டெஸ்ட் எழுதுவோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. கேட்வேயின் லைப்ரரியில் இருக்கும் செயல்களை ஒவ்வொன்றாகப் போலி செய்தால், அந்த லைப்ரரி எப்படி நடக்கும் என்று நாம் நினைத்ததைத்தான் அந்தப் போலி பிரதிபலிக்கும். அவர்கள் நடத்தை மாறினாலும் போலி மாறாது.

எனவே நடுவில் நமக்கென்று ஒரு சிறிய இடைமுகம் வையுங்கள்: முன்பணம் வாங்கு, நிலையைக் கேள், திருப்பிக் கொடு. தளத்தின் மற்ற நிரல் இந்த மூன்றை மட்டும்தான் அறியும். அதற்குப் பின்னால் உண்மையான கேட்வேயோடு பேசும் ஒன்று, டெஸ்டுக்கான போலி ஒன்று. நடத்தைச் சோதனைகள் போலியோடு ஓடும்.

போலி எப்போதும் ‘வெற்றி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் பயனில்லை. நிஜத்தில் நடப்பதையெல்லாம் அதற்கும் கற்றுக்கொடுங்கள். வங்கி மறுக்கும். வாடிக்கையாளர் யூபிஐ செயலிக்குப் போய்விட்டுத் திரும்பி வரவே மாட்டார். பணம் போயிருக்கும், ஆனால் வெப்ஹுக் தகவல் (கேட்வே நம் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பு) பத்து நிமிடம் கழித்து வரும். அதே தகவல் இரண்டு முறை வரும். இது பிழை அல்ல, ஒரே நிகழ்வை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பக்கூடும் என்று ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்றவர்களின் ஆவணங்களே சொல்கின்றன. ‘தகவல் இரண்டு முறை வந்தாலும் ஒரே ரசீதுதான் உருவாகிறது’ என்று ஒரு காட்சி, ‘பணம் வரும்வரை நாள் தற்காலிகமாக ஒதுக்கப்படுகிறது’ என்று ஒரு காட்சி. எனக்குக் கேட்டால், முழு ஃபீச்சரிலும் மதிப்புள்ள டெஸ்ட்கள் இந்த இரண்டும்தான்.

போலிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ரேசர்பேக்குத் தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும்: 25000 ரூபாய்க்கு 2500000. நம் இணைப்பு நிரல் ரூபாயை அப்படியே அனுப்பினால் வாடிக்கையாளர் 250 ரூபாய்க்கு மண்டபத்தைப் பதிவு செய்துவிடுவார், போலிக்கு அது தெரியவே தெரியாது. அதனால் உண்மையான கேட்வேயின் சோதனைச் சூழலோடு பேசும் சில டெஸ்ட்களைத் தனியாக வையுங்கள். இவை நடத்தைச் சோதனை அல்ல, தொடர்புச் சோதனை. ஆர்டர் ஒன்றை உருவாக்கி, திரும்பி வரும் தொகையையும் நிலையையும் பார்த்தால் போதும். ஸ்ட்ரைப் என்றால் 4242 4242 4242 4242 என்ற சோதனை அட்டை எண் எல்லோருக்கும் பொது. இவற்றுக்கு நெட் வேண்டும் என்பதால் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டாமல் இரவில் ஒருமுறை ஓட்டுங்கள். கேட்வேயின் பணம் கட்டும் திரையைப் பிரவுசரில் சொடுக்கிச் சொடுக்கிச் சோதிப்பதைத் தவிருங்கள், அந்தத் திரையின் பட்டன்கள் உங்கள் கையில் இல்லை.

7. லைப்ரரியே வராவிட்டால்?

ஃபிளாட்பிக்கரைச் சிடிஎன்னிலிருந்து (கோப்புகளை வழங்கும் வெளி சர்வரிலிருந்து) இறக்குகிறீர்கள் என்றால், பிளேரைட்டில் அந்த ஒரு கோப்பை மட்டும் தடுத்துவிட்டு ஒரு காட்சி ஓட்டிப் பாருங்கள். வெறும் பெட்டியில் தேதியைத் தட்டச்சு செய்து பதிவு செய்ய முடிகிறதா? பதிவான நாளைத் தட்டினால் சர்வர் மறுக்கிறதா? காலண்டர் தடுக்கிறது என்ற நம்பிக்கையில் சர்வர் சோதிக்காமல் விட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

8. ரசீது

பிடிஎஃப்பில் நடத்தைச் சோதனை பார்க்கக்கூடியது குறைவு. கோப்பு இறங்கியதா, அதில் தொகை, தேதி, பதிவு எண் ஆகியவை இருக்கின்றனவா என்பது வரை சரி. தமிழ் எழுத்துகளுக்கு வந்தால் சிக்கல். எழுத்துகளைக் கோர்த்து வரையத் தெரியாத லைப்ரரி ‘பெயர்’ என்பதில் கொம்பைப் பகரத்துக்குப் பின்னால் போட்டு அச்சிடும். ஆனால் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தால் சேமித்த வரிசையிலேயே ‘பெயர்’ என்று சரியாக வரும், டெஸ்ட் பச்சை. தலைகீழாகவும் நடக்கும்: திரையில் அழகாகக் கோர்த்து வரையப்பட்ட பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் கொம்பு இடம் மாறி வந்து டெஸ்ட் விழும்.

எனவே டெஸ்டில் எண்களை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். தமிழ் வாசகங்களை, லைப்ரரியிடம் கொடுப்பதற்கு முன்பே சரியா என்று பாருங்கள். தோற்றத்துக்கு, பாப்ளர் கருவியால் பிடிஎஃப்பைப் படமாக மாற்றி, ஒரு மனிதர் பார்த்துச் சரி என்று சொன்ன படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு மாதிரி ரசீது போதும், அதில் கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வருமாறு ஒரு பெயரும் முகவரியும் வையுங்கள். லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவடிவ லைப்ரரி வழியாக எழுத்தைக் கோர்க்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதித் தொல்லை மிச்சம். வீசிபிரிண்ட் அப்படிப்பட்ட ஒன்று.

9. அப்டேட் வரும் நாள்

இத்தனையும் எதற்கு என்பது லைப்ரரி மாறும் நாளில்தான் தெரியும். தளம் நடத்த உதவும் மென்பொருளான டிருப்பல் 10 வெளிவந்த 2022 டிசம்பரில், அதன் மையத்தில் கட்டுரை எழுதும் பெட்டியான சிகேஎடிட்டர் 4 போய் 5 வந்தது. 4-இல் எழுதும் இடம் வழக்கமாக ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த தனிப் பக்கத்துக்குள்) இருக்கும், 5-இல் பக்கத்திலேயே இருக்கும். ‘ஐஃபிரேமுக்குள் போ’ என்பதைக் காட்சி காட்சியாக எழுதி வைத்திருந்தால் அத்தனையும் திருத்த வேண்டும். ‘கட்டுரையின் உடலில் எழுதுகிறார்’ என்று எழுதி, எப்படி என்பதை ஒரு கோப்பில் வைத்திருந்தால் அந்த ஒரு கோப்பு.

மொமென்ட்.ஜேஎஸ் என்ற தேதி லைப்ரரி இன்னொரு உதாரணம். 2020 செப்டம்பரில் அதன் பராமரிப்பாளர்கள் இனிப் புது வசதிகள் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்ததும் பலர் டே.ஜேஎஸ்ஸுக்கு மாறினார்கள். இரண்டின் கட்டளைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அங்கேதான் பொறி. மொமென்ட்டில் ஒரு தேதியோடு 30 நாளைக் கூட்டினால் அந்தத் தேதியே மாறும். டே.ஜேஎஸ்ஸில் அது மாறாது, புதிய தேதி ஒன்று திரும்பி வரும். அதைப் பிடித்து வைக்காத பழைய வரி பிழை ஏதும் காட்டாமல் ஒன்றும் செய்யாமல் போகும். மேலே எழுதிய ரத்துக் காட்சி ஒரு வரிகூட மாறாமல் அதைப் பிடித்துவிடும்.

நடைமுறைக்கு: லாக் கோப்பை (லைப்ரரிகளின் வெர்ஷன்களைப் பதிந்து வைக்கும் கோப்பு) ரெப்போவில் வையுங்கள், டெஸ்ட் தானாக ஓடும் பைப்லைனில் அதன்படியே நிறுவுங்கள். ஒரு கமிட்டுக்கு ஒரு லைப்ரரி மட்டும் அப்டேட் செய்யுங்கள். டெஸ்ட் விழுந்தால் முதலில் உதவிக் கோப்பைப் பாருங்கள். லைப்ரரியின் தோற்றம் மட்டும் மாறியிருந்தால் அங்கே இரண்டு வரி திருத்தினால் முடிந்தது. உதவிக் கோப்பு சரியாக இருந்தும் காட்சி விழுந்தால், வாடிக்கையாளருக்கு ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது. அப்போது காட்சியைத் திருத்திப் பச்சையாக்காமல், லைப்ரரியின் மாற்றக் குறிப்பை எடுத்துப் படியுங்கள். குறிப்பில் இல்லாத மாற்றம் என்றால், உங்கள் தளத்தையெல்லாம் உரித்துவிட்டு லைப்ரரியும் பத்து வரி நிரலும் மட்டும் இருக்கும் ஒரு பக்கத்தில் அதே பிழையைக் காட்டி, அவர்களுடைய இஷ்யூ பக்கத்தில் போடுங்கள். பதில் வரும்வரை பழைய வெர்ஷனிலேயே இருக்கலாம்.